விமானம் ஓட்டியவர் ஏ.சி. மெக்கானிக் ஆகலாமா?

11 மே 2024, கேள்வி

வயது 27. வணிக விமானி உரிமம் வாங்கியாயிற்று, 200 மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்திருக்கிறேன். வேலை கிடைக்கவில்லை. டைப் ரேட்டிங்குக்கு, அதாவது குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டும் தகுதிக்கு, மறுபடி லட்சக்கணக்கில் கட்ட வீட்டில் பணம் இல்லை. தாய்மாமா ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், வந்து கற்றுக்கொள் என்கிறார். அப்பாவோ, "ஐம்பது லட்சம் கொட்டியது ஸ்பேனர் பிடிக்கவா?" என்கிறார். விமான வேலையை விட்டுக் கைத்தொழிலுக்கு வந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வந்ததற்கு வருந்துகிறீர்களா?

11 மே 2024, இரவு

இருக்கிறேன். ஏ.டி.ஆர். என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் துணை விமானியாக இருந்தவன். இப்போது குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் ஏ.சி. மாட்டுகிறேன், பழுது பார்க்கிறேன். வருத்தம் உண்டா என்று மே மாத மதியம் மொட்டை மாடியில் நிற்கும்போது கேட்டால் ஒரு பதில் வரும், மாலை குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகு கேட்டால் வேறு பதில் வரும். இப்போது குளித்தாகிவிட்டது.

முதலில் அப்பாவின் கேள்வி. ஐம்பது லட்சம் போனது போனதுதான். ஸ்பேனர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது திரும்பி வராது, கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும். பழைய செலவை இந்தக் கணக்கில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். தவணையை எதைக் கொண்டு கட்டுவது என்பதுதான் கேள்வி.

உங்கள் நிலையும் என் நிலையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்து, பறந்து, சம்பளம் வாங்கி, பிறகு விட்டவன். நீங்கள் இன்னும் வாசலில் நிற்கிறீர்கள். வாசலில் கூட்டமும் அதிகம். 2023இல் மட்டும் விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. அதே வருடம் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன என்று பயிற்சிப் பள்ளிக்காரர்கள் விளம்பரத்தில் போடுகிறார்கள். உண்மைதான். ஆனால் ஆர்டர் கொடுத்த விமானங்கள் எல்லாம் வந்து சேரப் பல வருடங்கள் ஆகும். உரிமம் வாங்கியவனுக்குப் பசி இன்றைக்கே எடுக்கிறது.

12 மே 2024

எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று கேட்கிறார்கள். லட்சியம், கனவு என்றெல்லாம் எதுவும் இல்லை.

2020 மார்ச் 25 அன்று உள்நாட்டு விமானங்கள் நின்றன. மே 25 அன்று மறுபடி பறக்கத் தொடங்கியபோது பணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. சம்பளமில்லாத விடுப்பு என்றார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஏ.சி. தொழிலில் ஊறியவர். ஊரடங்கில் அவரிடம் வேலை பார்த்த பையன்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் கேட்டருகே நின்று, "சும்மாதானே இருக்கிறீர்கள் தம்பி, ஏணி பிடிக்க வருகிறீர்களா?" என்றார்.

ஏணி பிடித்தேன். பிறகு குழாய் பிடித்தேன். பிறகு பையன்கள் திரும்பி வந்தார்கள், நான் போகவில்லை.

என் அத்தை, "விமானம் ஓட்டிய பிள்ளை ஏணி தூக்குகிறது" என்று சொந்தம் முழுக்கச் சொல்லி முடித்தார். அடுத்த கோடையில் அவர் வீட்டு ஏ.சி.யிலிருந்து படுக்கை மேல் தண்ணீர் சொட்டியபோது என்னைத்தான் கூப்பிட்டார். வடிகால் குழாயில் அடைப்பு. பத்து நிமிட வேலை. காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

14 மே 2024

விமானத்தின் ஏ.சி.யைத் தெரிந்தவருக்கு வீட்டு ஏ.சி. எளிதாகத்தானே இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று.

விமானத்தில் குளிரூட்டும் கேஸ் கிடையாது. எஞ்சினிலிருந்து எடுக்கும் அழுத்தமான சூடான காற்றையே வெளிக்காற்றால் ஆறவைத்து, இன்னொரு முறை அமுக்கி, மறுபடி ஆறவைத்து, ஒரு சின்ன டர்பைன் வழியே விரியவிடுவார்கள். காற்று டர்பைனைச் சுழற்றுவதில் தன் சக்தியை இழந்து சில்லென்று ஆகிவிடும். அதுதான் உங்கள் தலைக்கு மேலே உள்ள துளையில் வருகிறது. போயிங் 787 மட்டும் எஞ்சின் காற்றைத் தொடாமல் மின்சாரக் கம்பிரசரால் வெளிக்காற்றை அமுக்கிக்கொள்கிறது. மற்றபடி தத்துவம் இதேதான். வீட்டு ஏ.சி.யில் ஒரு திரவம் கொதித்து வாயுவாகும், மறுபடி திரவமாகும். வேறு கதை.

ஏ.டி.ஆரைப் பற்றி இன்னொன்று. பெரிய விமானங்களின் வாலில் இருக்கும் துணை எஞ்சின் அதில் கிடையாது. தரையில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்போம். ஹோட்டல் மோட் என்பார்கள். மின்சாரமும் காற்றும் அதிலிருந்துதான் வரும். தூத்துக்குடி வாகைகுளத்தில் சித்திரை மாதத்து மதியம், கதவு திறந்திருக்கிறது, பயணிகள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் காற்று எந்த மூலைக்குப் போதும்? பணிப்பெண் இன்டர்காமில் கூப்பிட்டு, "ஏ.சி. போடச் சொல்கிறார்கள் சார்" என்பார். "போட்டுத்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்பேன். இன்றைக்கும் வாரத்தில் பாதி நாள் வாடிக்கையாளரிடம் அதே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காக்பிட்டில் ஏ.சி. கோளாறு என்றால் ஒரு விளக்கு எரியும். கையேட்டைத் திறந்து, பொத்தானை அணைத்து, இறங்கியதும் தொழில்நுட்பப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இரவு பொறியாளர்கள் வந்து பார்ப்பார்கள். அந்த விளக்குக்குப் பின்னால் இருந்த எதையும் நான் கையால் தொட்டதில்லை. தேர்வுக்காக வால்வுகளின் பெயரெல்லாம் தெரியும். கடையில் சேர்ந்தபோது கெபாசிட்டரைப் பார்த்து இது என்ன என்று கேட்டேன். பையன்கள் எனக்குப் 'பைலட்' என்று பெயர் வைத்தது மரியாதையில் அல்ல.

19 மே 2024

கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் மாமா முதல் வாரம் என்ன செய்யச் சொல்வார் என்று சொல்கிறேன். நட்டு இறுகிப் பிடிப்பதற்காகச் செம்புக் குழாயின் வாயைப் புனல்போல் விரிக்கச் சொல்வார்.

பார்க்க ஒன்றுமே இல்லாத வேலை. கட்டரைக் குழாயில் மாட்டிச் சுற்றச் சுற்றக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் குழாய் நசுங்கி வட்டம் கெடும். வெட்டிய வாயின் உள் விளிம்பில் பிசிறு நிற்கும், அதைச் சீவ வேண்டும். சீவும்போது குழாயின் வாய் தரையைப் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செம்புத் துகள் உள்ளே விழுந்து நேராகக் கம்பிரசருக்குப் போகும். விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். நட்டை மறந்துவிட்டு, மிக அழகாக விரித்து முடித்து, பிறகு தலையில் அடித்துக்கொண்டு வெட்டி எறியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் கிடையாது. விரித்த வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் வெட்டிவிட்டு முதலிலிருந்து. அண்ணாச்சி பார்ப்பதில்லை, கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுவார். "இன்னொன்று போடுங்கள்" என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

எத்தனை குழாய் வீணாக்கினேன் என்பது அவருக்கும் பழைய செம்பு வாங்குபவருக்கும்தான் தெரியும். அந்த நாட்களில்தான் ஒன்று உறைத்தது. பறக்கும் வேலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் வாயால் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், எண், வரிசை இருந்தது. இங்கே சொல்லிக்கொடுப்பவருக்குத் தன் கைக்கு என்ன தெரியும் என்று சொல்லத் தெரியாது. பார்த்துத் திருடிக்கொள்ள வேண்டும். படித்தவனுக்கு இது பெரிய அவதி. நான் குறிப்பு நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, அண்ணாச்சி செய்வதையெல்லாம் எழுதி, எண் போட்டு வரிசைப்படுத்தினேன். பையன்கள் சிரித்தார்கள். இப்போது புதிதாக வருகிற பையன்களுக்கு அண்ணாச்சியே அந்த நோட்டைக் கொடுக்கிறார்.

2 ஜூன் 2024

இதை எழுதத்தான் இத்தனை நாளாகச் சுற்றி வந்தேன் என்று தோன்றுகிறது.

இங்கே பலரும் கௌரவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சீருடை போனால் மனம் தாங்குமா, கல்யாணச் சந்தையில் மதிப்பு என்ன ஆகும் என்று. அதெல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிடும். பழகாத ஒன்று வேறு இருக்கிறது. இந்தத் தொழிலில் உங்களைச் சோதிக்க ஆள் கிடையாது.

விமானத்தில் என்னைச் சோதிக்காதவர் யாரும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்து, விமானம் எழும்பும் நேரம் பார்த்து ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். வருடந்தோறும் மருத்துவப் பரிசோதனை. பணிக்கு முன் மது சோதனைக் கருவியில் ஊத வேண்டும். பேசியது ஒரு பெட்டியில் பதிவாகும், செய்தது இன்னொரு பெட்டியில் பதிவாகும். கொஞ்சம் கடினமாகத் தரை தட்டினால்கூட விளக்கம் கேட்டு அழைப்பு வரும். இவ்வளவும் போதாதென்று பக்கத்து இருக்கையில் ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மொட்டை மாடியில் யாரும் இல்லை.

புது ஏ.சி. மாட்டுகிறோம். குழாய்களை இணைத்தாயிற்று. இனி வாக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அரை மணி நேரம், மழைக்காலத்தில் அதற்கும் மேல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கீழே வீட்டுக்காரர், "இன்னும் முடியவில்லையா?" என்று மூன்றாவது முறை கூப்பிடுகிறார். அடுத்த வீட்டுக்காரர் போனில் கத்துகிறார். பம்பைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே கேஸைத் திறந்துவிட்டாலும் ஏ.சி. ஓடும். சில்லென்று காற்று வரும். வீட்டுக்காரர் கை குலுக்கிப் பணம் கொடுப்பார்.

உள்ளே தங்கிய ஈரம் மெதுவாகத் தன் வேலையைச் செய்யும். ஆர்-410ஏ, ஆர்-32 என்ற கேஸ்களில் ஓடும் இயந்திரங்களில் இருக்கும் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் வகை. ஈரமும் சூடும் சேர்ந்தால் எண்ணெய் சிதைந்து அமிலம் உண்டாகும். அமிலம் மோட்டார் கம்பிச்சுற்றின் பூச்சைத் தின்னும். சில கோடைகள் கழித்துக் கம்பிரசர் போகும். அப்போது வேறொரு மெக்கானிக் வருவார். "இந்தக் கம்பெனி மெஷினே இப்படித்தான் சார்" என்பார். என் பெயர் எங்கேயும் வராது.

இதேபோல் இன்னொன்று, கேஸ். ஏ.சி.யில் கேஸ் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகும் இடத்தைத் தேடி அடைக்க அரை நாள் ஆகும், கேஸை நிரப்பிவிட்டுப் போகப் பதினைந்து நிமிடம். வருடா வருடம் கேஸ் போட வேண்டும் என்று பாதிச் சென்னை நம்புகிறது. நம்பவைத்தது யார் என்று கேட்காதீர்கள், நாங்கள்தான். குறையே இல்லாத ஏ.சி.க்குக் கேஸ் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கும் வாடிக்கையாளரை நான் பார்த்திருக்கிறேன். போட மறுத்தேன். அடுத்த கடைக்காரர் வந்து போட்டுவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

ஆகவே தம்பி, ஸ்பேனர் பிடிக்க வெட்கமாக இருக்குமா என்று உங்களையே கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. யாருமே பார்க்காத அந்த அரை மணி நேரம் பம்ப் பக்கத்தில் நிற்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

3 ஜூன் 2024

"அந்த அரை மணி நேரத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பதில்லையே, பிறகு ஏன் நிற்க வேண்டும்?" என்று கேட்டவருக்கு: கொடுப்பதில்லைதான். நான் மாட்டும் கூலியில் அதைச் சேர்த்தே சொல்கிறேன். நூறு, இருநூறு அதிகம் என்று சிலர் போய்விடுகிறார்கள்.

நேற்று எழுதியதை அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். அவர் காலத்து நியாயத்தையும் எழுது என்றார். எழுதுகிறேன். பழைய ஆர்-22 கேஸ் காலத்தில் வாக்யூம் போடாமல், கொஞ்சம் கேஸையே திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளிவிடுவதுதான் வழக்கம். அன்றைய கனிம எண்ணெய் அவ்வளவாக ஈரத்தை இழுக்காது, இயந்திரமும் பொறுத்துக்கொள்ளும். அவர்கள் சோம்பேறிகள் அல்ல, அந்த இயந்திரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது என்பதால் இன்று அப்படிச் செய்வது ஆபத்தும்கூட.

அவர் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கும்போது களகளவென்று சத்தம் வரும். காற்று குறையக் குறையச் சத்தம் மாறி, காய்ந்த கடகடப்பாகும். அண்ணாச்சி அதைக் கேட்டே "போதும்" என்பார். நான் வாக்யூமை அளக்கும் மைக்ரான் மீட்டர் வாங்கிவைத்து அவரைச் சோதித்தேன். பெரும்பாலும் அவர் சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒத்துப்போகும். மழை பெய்த மறுநாள் மட்டும் ஒத்துப்போகாது. பம்பை நிறுத்திய பிறகு மீட்டரில் எண் மெல்ல மேலே ஏறும், உள்ளே ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சத்தம் கிடையாது. இப்போது அண்ணாச்சியே, "அந்தப் பெட்டியைக் கொண்டு வாருங்கள்" என்கிறார், கொஞ்சம் வெறுப்போடு.

23 ஜூன் 2024

பணம். எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்பது இதைத்தான்.

உதவியாளாகச் சேர்ந்தால் எங்கள் பக்கத்தில் மாதம் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம். கை தேறிய மெக்கானிக்குக் கடையில் இருபதைத் தாண்டும். சொந்தமாகச் செய்தால் கோடையில் கொட்டும், நவம்பர் முதல் ஜனவரி வரை ஈ ஓட்டலாம். நான் இப்போது அண்ணாச்சியோடு பங்குக்கு இருக்கிறேன். வருடம் முழுவதும் சராசரி பார்த்தால் துணை விமானியாக வாங்கியதில் பாதிக்கும் கீழ்தான். கைத்தொழிலில் கோடி சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஏ.சி. மாட்டுபவராக இருக்க மாட்டார், பயிற்சி வகுப்பு நடத்துபவராக இருப்பார்.

பிறகு ஏன் திரும்பிப் போகவில்லை? 2022இல் அழைப்பு வந்தது. பழையதைவிடக் குறைந்த சம்பளம், பயிற்சிச் செலவுக்காகப் பிணைப்பத்திரம். மனைவியும் நானும் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டோம். அவளுக்கு அரசு வேலை. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. இங்கே தைரியம் என்று பாராட்டியவர்கள் அந்தத் தைரியத்தில் பாதியை அவளுக்கு அனுப்பிவிடுங்கள்.

மீதிப் பாதி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஆர்வம்தான். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் வரை விட மனம் வருவதில்லை. பக்கிங்காம் கால்வாய் ஓரம் ஒரு வீட்டில் உள் இயந்திரத்தின் செம்புச் சுருள் கறுத்துப் போய் மறுபடி மறுபடி ஒழுகியது. சாக்கடையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைத் தின்கிறது. சுருளை மாற்றி என்ன பயன்? குளியலறை வடிகாலில் தண்ணீர்ப் பூட்டு வற்றிப்போய் நாற்றம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. முதலில் பிளம்பரைக் கூப்பிடச் சொன்னேன். ஏ.சி. பார்க்க வந்தவன் குளியலறையை முகர்ந்து பார்க்கிறான் என்று வீட்டம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

8 செப்டம்பர் 2024

உயரம். கேட்டவருக்கு நன்றி, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்கு உயரம் பயம். சிரியுங்கள். என்னைப் போன்ற விமானிகள் இன்னும் இருக்கிறார்கள். பதினேழாயிரம் அடியில் உட்கார்ந்திருக்கும்போது பூமி வரைபடமாகத் தெரியும், பயம் வராது. நான்காம் மாடிச் சன்னலுக்கு வெளியே ஒரு கால் ஊன்றி அவுட்டோர் யூனிட்டை மாட்டும்போது கீழே நிற்கும் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட் வரை தெரியும். அதுதான் வித்தியாசம்.

இந்தத் தொழிலில் கை, கால் போவதும் உயிர் போவதும் பெரும்பாலும் இங்கேதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மறுமுனையைச் சன்னல் கம்பியில் மாட்டுவார்கள். கம்பி சுவரோடு பெயர்ந்து வரும். நான் முதல் சம்பளத்தில் வாங்கியது தோள், தொடை இரண்டையும் பிடிக்கும் முழு உடல் வார்ப்பட்டை. அண்ணாச்சி அதைக் குதிரைச் சேணம் என்றார். இப்போது கடையில் எல்லோருக்கும் உண்டு. போடாதவனுக்கு அன்றைக்கு வெளி வேலை கிடையாது.

விமானத்திலிருந்து நான் கொண்டுவந்த இன்னொரு விதி, முதல் நாள் இரவு குடித்தவன் மறுநாள் காலை ஏணி ஏறக் கூடாது. ஊதிப்பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை, அண்ணாச்சியின் மூக்குதான். அது போதுமானதாக இருக்கிறது.

8 நவம்பர் 2024

ஜெட் ஏர்வேஸைக் கலைத்துச் சொத்துகளை விற்றுக் கடனை அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் நேற்று உத்தரவிட்டது. 2019 ஏப்ரல் 17 அன்று கடைசி விமானம் பறந்தது, ஐந்தரை வருடம் கழித்துத்தான் காரியம் நடக்கிறது. என்னோடு பயிற்சி எடுத்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். நிலுவைச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் இப்போது சிரிக்கிறார்கள்.

2012இல் கிங்ஃபிஷர், 2023இல் கோ ஃபர்ஸ்ட். நம் ஊரில் பழையவர்களுக்குச் சென்னையிலிருந்து பறந்த என்.இ.பி.சி.யும் பாரமவுண்ட்டும் நினைவிருக்கும். விமானம் ஓட்டுவதில் ஆபத்து வானத்தில் இருக்கிறது என்று வீட்டில் பயப்படுவார்கள். எனக்குத் தெரிந்தவரை பெரும்பாலான விமானிகளைக் கீழே இறக்கியது நிறுவனங்களின் வங்கிக் கடன்தான்.

இதைப் படித்துவிட்டு உரிமத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முன்பு நான் எழுதியதில் அப்படி ஒரு தொனி வந்துவிட்டதோ என்று தோன்றியது. வணிக விமானி உரிமத்தின் செல்லுபடிக் காலத்தை 2023 அக்டோபரில் ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக்கிவிட்டார்கள். ஆனால் உரிமம் இருப்பது வேறு, அதை வைத்துப் பறக்க முடிவது வேறு. மருத்துவச் சான்றைக் காலாவதியாக விடாதீர்கள். அதற்காகவே இன்னொரு எச்சரிக்கை: பற்றவைக்கும்போதும் கேஸ் குழாயைக் கழற்றும்போதும் கண்ணாடி அணியுங்கள், சுவரைத் துளைக்கும்போது காதை அடைத்துக்கொள்ளுங்கள், அவுட்டோர் யூனிட்டை ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள். கண், காது, முதுகு மூன்றையும் இந்தத் தொழில் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். திரும்பிப் போகும் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பரிசோதனைக்குப் போனால்தான் தெரியும்.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலில் சென்னையில் தரையைத் தொட வந்து, ஆடி, மறுபடி மேலேறிய விமானத்தின் காணொளியை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. "என்ன பைலட், பயந்துவிட்டாரா?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்.

இல்லை. அதுதான் சரியான வேலை. இறங்க முடியாது என்று தோன்றிய நொடியில் மேலேறிவிட வேண்டும். அப்படிச் செய்ததற்காக யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், செய்யாமல் விட்டால்தான் கேட்பார்கள். கைத்தொழிலுக்கு நான் கொண்டுவர முடிந்தவற்றில் கஷ்டமானது இதுதான். பாதி வேலையில் மழை வருகிறது, வெளிச்சம் போகிறது, சுவர் பிடிமானம் சரியில்லை. "நாளை வருகிறேன்" என்று சொன்னால் வாடிக்கையாளர் முகம் மாறுகிறது. பையன்களுக்கோ அது தோல்வி. ஆறு மணிக்கு மேல் சுவருக்கு வெளியே தொங்கும் வேலை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். இதனால் வேலை போயிருக்கிறது.

விமான நிலையம் அன்று மதியம் முதல் மறுநாள் அதிகாலை வரை மூடியிருந்தது. நாங்களும் மூடிவிட்டோம். கடைக்குள் தண்ணீர் வந்தது, வாக்யூம் பம்பை அலமாரி மேல் ஏற்றினோம்.

16 பிப்ரவரி 2025

மகளை இந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அனுப்பலாம். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்களுக்கு நாற்பது வயது வரை சேர்க்கை, பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளிலிருந்து, "உங்களிடம் பெண் மெக்கானிக் இல்லையா?" என்று எங்களுக்கே போன் வருகிறது.

கேள்வி கேட்ட தம்பி ஐப்பசியில் மாமா கடையில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மருத்துவச் சான்றையும் புதுப்பித்துவிட்டாராம். அப்பா இன்னும் பேசவில்லையாம். பேசுவார், ஏப்ரல் வரட்டும், அவர் வீட்டிலும் ஏ.சி. இருக்கிறதல்லவா?

சொந்தக் கருவி எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறார். குழாய் வாயை விரிக்க நல்ல ஃபிளேரிங் செட், இரண்டு ஸ்பேனர், மின்னோட்டம் பார்க்க கிளாம்ப் மீட்டர். கெபாசிட்டரைத் தொடுமுன் அதிலிருக்கும் மின்சாரத்தை இறக்க ஒரு ரெசிஸ்டர், ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வார்ப்பட்டை இரவல் வாங்காதீர்கள், புதிது வாங்குங்கள். மைக்ரான் மீட்டர் அடுத்த வருடம் வாங்கினால் போதும், முதலில் மாமாவின் காது என்ன சொல்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். நைட்ரஜன் சிலிண்டரை விலைக்கு வாங்க வேண்டாம், வாடகைக்கே கிடைக்கும். ஸ்கூட்டரில் கொண்டுபோகாதீர்கள், ஆட்டோவில் படுக்கவைத்துக் கட்டி எடுத்துப் போங்கள்.